சாவி கை மாறும்போது என்ன கை மாறுகிறது? வாடகை ஒப்பந்தம் பற்றி ஓர் எளிய விளக்கம்

"பதினோரு மாசத்துக்குத்தான் சார் போடுவாங்க. பன்னெண்டுன்னு போட்டுட்டா வீடு உங்களுதாயிடும்ல, அதான்."

சென்னையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனபோது புரோக்கர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பன்னிரண்டு மாதம் வாடகை கொடுத்தால் வீடு சொந்தமாகும் என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் இந்நேரம் வீட்டுக்காரர்களாகி இருக்க வேண்டாமா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

11 மாதம் ஒரு கதை, 12 வருடம் வேறொரு கதை. இரண்டும் புரோக்கர் வாயில் கலந்து ஒன்றாகிவிட்டன. வாடகை விஷயத்தில் நாம் பேசுவதில் பெரும்பகுதி இப்படிக் கலந்த சரக்குதான். அக்ரிமென்ட் என்பதை ஒரு ஸ்டாம்ப் பேப்பர், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து, ஜெராக்ஸ் என்ற மூன்றோடு முடித்துவிடுகிறோம். அந்தத் தாள் உண்மையில் என்ன செய்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற வதந்திகள் தாமாக விலகும்.

அண்டா வாடகைக்கு எடுத்த கதை

வீட்டில் காதுகுத்து. பாத்திர வாடகைக் கடையில் ஓர் அண்டா எடுத்து வருகிறோம். அதன் விளிம்பில் கடைக்காரர் பெயர் வெட்டியிருக்கிறது. யாருடைய அண்டா என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் வந்து, "வேற ஒருத்தர் கூடுதலா தர்றேங்கறார், கவுத்துட்டுக் குடுங்க" என்று சொல்ல முடியாது. பேசிய நேரம் வரை அண்டா நம் கையில்தான் இருக்கும். அதே சமயம், அதில் எத்தனை சாம்பார் வைத்தாலும் விளிம்பில் உள்ள பெயர் மாறாது. அதை நாம் விற்கவும் முடியாது. நசுங்கினால் காசு கட்ட வேண்டும். அடி கறுத்ததற்கு யாரும் காசு கேட்பதில்லை, அடுப்பில் வைத்த பாத்திரம் கறுக்கத்தான் செய்யும்.

வீட்டு வாடகையும் இதேதான். ஒரு சொத்தில் இரண்டு சங்கதிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று உரிமை, அதாவது பத்திரத்தில் யார் பெயர் என்பது. இன்னொன்று சுவாதீனம்: இப்போது அந்த இடம் யார் கைவசம் இருக்கிறது, உள்ளே யாரை விடுவது என்று யார் முடிவு செய்கிறார் என்பது. நம் தாத்தா காலத்துப் பத்திரங்களிலேயே இருக்கும் சொல்தான் இது.

வாடகைக்கு விடும்போது உரிமை வீட்டுக்காரரிடமே இருக்கிறது. சுவாதீனம் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பணத்துக்கு, குடித்தனக்காரர் கைக்குப் போகிறது. சாவி கை மாறும்போது கை மாறுவது இதுதான். இப்படிச் சுவாதீனத்தைக் கைமாற்றும் ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் பெயர் குத்தகை. வயலுக்கு மட்டுமான சொல் என்று நினைக்க வேண்டாம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்துக்கு அண்ணா நகர் ஃபிளாட்டும் குத்தகைதான்.

லாட்ஜ் அறை ஏன் வேறு?

லாட்ஜிலும் சாவி தருகிறார்கள். ஆனால் அந்த அறையின் சுவாதீனம் நம்மிடம் வருவதில்லை. காலையில் ரூம் பாய் வந்து பெருக்குவார், மாற்றுச்சாவி கவுண்டரில் தொங்கும், வேண்டுமென்றால் வேறு அறைக்கு மாற்றுவார்கள். அங்கே நமக்குக் கிடைப்பது தங்கிக்கொள்ளும் அனுமதி மட்டும். இதற்கு உரிமம் என்று பெயர். மகளிர் விடுதி, பேயிங் கெஸ்ட் போன்றவை பெரும்பாலும் இந்த வகை.

சில வீட்டுக்காரர்கள் தாளின் தலைப்பில் லைசென்ஸ் என்று போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் ஒருவர் முடிதிருத்தும் நிலையம் நடத்திவந்தார். தாளில் லைசென்ஸ் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் இடம் முழுக்க அவர் கைவசம் இருந்ததைப் பார்த்து, அது குத்தகைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். தலைப்பில் எழுதியிருப்பதைவிட உண்மையில் கை மாறியது எது என்பதுதான் கணக்கு.

இதுவரை சொன்னதன் சாரம்: வாடகை வீட்டில் உரிமை ஒருவரிடம், சுவாதீனம் இன்னொருவரிடம். குடித்தனக்காரர் வீட்டுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் கதவைத் திறந்து உள்ளே வர முடியாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

அந்தப் பதினோரு மாதம்

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது. பதிவென்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், ஒரு நாள் அலைச்சல். இதைத் தவிர்க்க யாரோ ஒரு புத்திசாலி பன்னிரண்டில் ஒன்றைக் கழித்தார். அவ்வளவுதான் ரகசியம். வீடு பறிபோவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பதினோராவது மாதம் முடிந்ததும் குடித்தனக்காரர் தாமாகவே வெளியாள் ஆகிவிடுவார் என்பது இதன் துணை வதந்தி. காலம் முடிந்த பிறகும் அவர் இருந்து, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின்படி அது பொதுவாக மாதத்துக்கு மாதம் தொடரும் குத்தகை. சுவாதீனம் இன்னும் அவர் கையில்தான். அதைத் திரும்பப் பெற வழி உண்டு, பூட்டை மாற்றுவது அந்த வழி அல்ல.

நோட்டரி கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்னார் என் முன்னால் கையெழுத்திட்டார் என்று நோட்டரி சான்று சொல்கிறார், அதோடு சரி. சிவப்பு முத்திரை எத்தனை பெரிதாக இருந்தாலும் அது பதிவு ஆகாது.

அந்தப் பன்னிரண்டு வருடம்

இந்தப் பயம்தான் மிகப் பெரியது. நல்ல குடித்தனக்காரரைக்கூட மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளப்பிவிடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்டால் பன்னிரண்டு வருடம் என்பார்கள்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் 12 ஆண்டு என்று இருப்பது உண்மை. ஒருவர் அடுத்தவர் சொத்தைத் தன்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லி, உரிமையாளருக்கு எதிராகவே 12 ஆண்டு விடாமல் அனுபவித்து, உரிமையாளரும் வழக்குப் போடாமல் சும்மா இருந்துவிட்டால், மீட்கும் உரிமை போய்விடும். இதற்கு எதிரிடை அனுபவம் என்று பெயர். சொல்லிலேயே எதிர்ப்பு இருக்கிறது. வாடகை கொடுப்பவர் எதிராக அனுபவிக்கவில்லை, அனுமதியோடு அனுபவிக்கிறார். ஒவ்வொரு மாதமும் வாடகை அனுப்பும்போது "இது உங்கள் வீடுதான்" என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இருபது வருடம் இருந்தாலும் குடித்தனக்காரர் குடித்தனக்காரர்தான். குடித்தனம் நடக்கும்போதே "நீ ஓனரே இல்லை" என்று அவர் திருப்பிப் பேசவும் சாட்சியச் சட்டம் இடம் தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே பயத்தால் அக்ரிமென்டே வேண்டாம், வாடகையைக் கையில் கொடுங்கள், ரசீது கிடையாது என்று சொல்பவர்களும் உண்டு. அனுமதியோடுதான் இருக்கிறார் என்று நிரூபிக்கும் தாளையும் வங்கிக் கணக்கையும் அவர்களே ஒதுக்கிவைக்கிறார்கள். கொள்ளைக்குப் பயந்து பூட்டைக் கழற்றி வைத்த மாதிரி.

2019க்குப் பிறகு மாறியது

நம்மில் பலர் இன்னும் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறோம். நியாய வாடகையை அரசு நிர்ணயிக்கும், பழைய குடித்தனக்காரரை அசைக்கவே முடியாது என்பதெல்லாம் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் நினைவுகள். தமிழ்நாட்டில் அது போய்விட்டது. அதன் இடத்தில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது.

பழைய சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லலாம். அது வாடகையை அரசு பார்த்துக்கொள்ளும் என்றது, இது நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதைப் பார்ப்போம் என்கிறது. எனவே எழுதவேண்டியது கட்டாயம். எழுதிய ஒப்பந்தத்தை, அது 11 மாதமோ 3 வருடமோ, 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை அதிகாரி என்பவர் இந்தச் சட்டத்துக்காக அரசு அமர்த்திய வருவாய்த்துறை அலுவலர். இதற்கென்றே உள்ள அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், பதிந்தால் ஓர் எண் தருவார்கள்.

பலரும் குழம்பும் இடம் இது. சார்பதிவாளரிடம் செய்யும் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினோரு மாதத் தந்திரம் முதலாவதிலிருந்துதான் தப்பிக்க உதவும். இரண்டாவதிலிருந்து அல்ல.

வாடகை உயர்வும் அப்படியே. ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 5 சதவீதம் என்றிருந்தால் 5 சதவீதம். "பக்கத்து வீட்டில் 22,000 வாங்குகிறார்கள்" என்பது நடுவில் உயர்த்தக் காரணமாகாது. அதே சமயம், ஒப்பந்தக் காலம் முடிந்து புதிதாகப் பேசும்போது வீட்டுக்காரர் கேட்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. குடித்தனக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு, காலத்தைச் சற்று நீளமாகவே கேட்பது நல்லது.

அட்வான்ஸும் பெயின்டும்

அட்வான்ஸ் என்பது நசுங்கிய அண்டாவுக்கான பிடிமானத் தொகை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ரொம்ப காலமாக இருந்துவந்த வழக்கம். புதிய சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. உடனே சந்தோஷப்பட வேண்டாம். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்ற வாசகமும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு மூன்று மாதச் சட்டத்தைக் காட்டுவது எடுபடாது. பேரம் பேசும் மேசையில்தான் அந்த வரி உதவும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது.

நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் பிடிப்பதுதானே என்று விட்டுவிட்டேன். பிறகுதான் இந்தச் சட்டத்தின் இணைப்பில் யார் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலைப் படித்தேன். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாமும் அவர் பக்கமே. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிவு அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடித்தனக்காரருடையவை. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுதான் செல்லும். எதுவும் எழுதாவிட்டால் இந்தப் பட்டியல். என் ஒப்பந்தத்தில் பெயின்ட் என்ற சொல்லே இல்லை.

அடி கறுத்த அண்டாவுக்குக் காசு கேட்பதில்லை என்றேனே, அது இங்கேதான் பொருந்துகிறது. நாலு வருடம் குடியிருந்தால் சுவர் மங்கும், அது தேய்மானம். குழந்தை சுவரில் மார்க்கரால் யானை வரைந்திருந்தால் அது சேதம். முதலாவதுக்கு வாடகையே விலை, இரண்டாவதுக்கு அட்வான்ஸில் கை வைக்கலாம்.

லீஸ், ஒத்தி, போக்கியம்: பெயரில் உள்ள பொறி

அதிகப் பணம் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் ஊரில் "வீடு வாடகைக்கா, லீஸுக்கா?" என்று கேட்டால் லீஸ் என்பதற்குப் பொருளே வேறு. 8 லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும், மாத வாடகை கிடையாது, மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது 8 லட்சமும் திரும்பி வரும். தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள், சில இடங்களில் போக்கியம். "இலவசமா இருக்கலாம் சார்" என்பார் புரோக்கர். இலவசம் ஒன்றுமில்லை. 8 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,000 ரூபாய். அந்த வட்டியை வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறோம், அவர் வாடகையை நமக்கு விட்டுக்கொடுக்கிறார்.

இப்போது யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். வீட்டுக்காரர்தான் கடனாளி. நம்மிடம் 8 லட்சம் வாங்கியிருக்கிறார், அதற்கு ஈடாக வீட்டின் சுவாதீனத்தைத் தந்திருக்கிறார். இது சட்டத்தின் பார்வையில் குத்தகையைவிட அடமானத்துக்கு நெருக்கம். பத்திர எழுத்தர்களைக் கேட்டால் சரியான சொல்லைச் சொல்வார்கள்: சுவாதீன அடமானம். அதாவது கடன் தீரும்வரை சொத்தைக் கையில் வைத்து அனுபவிக்கும் அடமானம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதியப்பட வேண்டும்.

நடைமுறையில் என்ன செய்கிறோம்? 8 லட்சத்தை ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் லீஸ் அக்ரிமென்ட் என்று எழுதி, இரண்டு சாட்சி போட்டு முடித்துவிடுகிறோம். அது எந்த வில்லங்கச் சான்றிலும் ஏறாது. வில்லங்கச் சான்று என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் வரலாறு. அடுத்து அந்த வீட்டை வாங்க வருபவருக்கோ கடன் தரும் வங்கிக்கோ நம் 8 லட்சம் அதில் தெரியாது. வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருந்து, தவணை நின்றுபோனால், வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். அப்போது முன்னால் நிற்பது வங்கியின் கடன். நம் கையில் இருப்பது பதியாத ஒரு தாள்.

பதினைந்தாயிரம் வாடகைக்கு ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், எட்டு லட்சத்துக்கு ஒரு வில்லங்கச் சான்றுகூடப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒத்திக்குப் போகிறவர்கள் அதைப் போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், ஆவணத்தைப் பதியுங்கள். பதிய மாட்டேன் என்று சொல்பவரிடம் மாத வாடகைக்கே இருந்துகொள்ளலாம்.

சுருக்கமாக: மாத வாடகையில் நாம் சுவாதீனத்தை விலைக்கு வாங்குகிறோம், ஒத்தியில் கடன் கொடுத்து அதை ஈடாகப் பிடிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தாள் போதாது.

காலி செய்யச் சொல்வது

ஒப்பந்தக் காலத்துக்குள் வெளியேற்றச் சட்டம் சில காரணங்களை வைத்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்தும் கட்டாதது, எழுத்தில் சம்மதம் இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, வீட்டுக்காரருக்கே தேவைப்படுவது போன்றவை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதும் ஒரு காரணமாக இருக்கிறது. ஆனால் காரணம் இருந்தாலும் வெளியேற்றுவது வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு. தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது இரண்டையும் சட்டம் தனியாகவே தடை செய்கிறது. வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தை மீட்கலாம். யார் ஓனர் என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது.

வீட்டுக்காரர் பழுது பார்க்கவோ வீட்டைப் பார்க்கவோ வர விரும்பினால் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். "என் வீடுதானே தம்பி" என்று மொட்டைமாடிச் சாவியோடு நுழைபவர்களுக்கு அண்டா கதையைத்தான் சொல்ல வேண்டும்.

குடித்தனக்காரர் பக்கமும் ஒரு தவறு உண்டு. சண்டை வந்ததும் "அட்வான்ஸில் கழித்துக்கோங்க" என்று வாடகையை நிறுத்திவிடுவது. அந்த நொடியிலிருந்து பாக்கிக் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது, வலுவாக இருந்த வழக்கு பலவீனமாகிறது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது.

எழுதும் நாளும் திருப்பும் நாளும்

கணினி மையத்தில் இருக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் பெயரும் தொகையும் மட்டும் மாற்றினால் போதாது. நோட்டீஸ் எத்தனை மாதம் என்று இருவருக்கும் ஒரே அளவாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் மாதக் குத்தகைக்கு 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது விதி வெறும் 15 நாள். கரண்ட் பில் யார் பெயரில், எந்தக் கணக்கில் என்பதையும் எழுதுங்கள். மின்வாரியம் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்டை இலவசமாகத் தர, வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குவது ஊரறிந்த சங்கதி. மின்விசிறி எத்தனை, கீறல் விழுந்த டைல்ஸ் எது என்று போன் கேமராவில் ஒரு சுற்று எடுத்து இருவரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

காலி செய்யும் நாளில் சாமான்களை ஏற்றிவிட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். சுவாதீனம் திரும்பிப் போகும் நாள் அது. அன்று வரைக்கும்தான் உங்கள் மேல் வாடகை ஏறும், அன்றிலிருந்துதான் அட்வான்ஸுக்கான ஒரு மாதம் ஓடும். மீட்டரைப் படம் எடுத்து, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்டி, சாவியை அவர் கையில் கொடுத்து, தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "சாவியைப் பெற்றுக்கொண்டேன்."